முகமூடிக்கு எதிரே மீசை

அந்த முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று கிரிஸ்பின் சபதம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் சலூன் கண்ணாடியின் முன்னால். அப்போது அவன் கையில் சவரக்கத்தி இருந்தது. கத்திக்கு அடியில் ஒரு தபால்காரர் இருந்தார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

பின்கட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்திருந்தது. ஆண் சிரிப்பு. அதன் பின்னாலேயே ஒரு பெண் சிரிப்பு. இரண்டாவது சிரிப்பு அவன் மனைவியுடையது. இருபத்தேழு வருஷத்தில் அவன் சொன்ன எந்த வேடிக்கைக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மெக்சிகோவின் புவெப்லா நகரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த ஏற்பாடுதான். முன்கட்டில் கிரிஸ்பின் முடி வெட்டுவான். பின்கட்டில் தோமித்தீலா மல்யுத்த வீரர்களுக்கு முகமூடி தைப்பாள். நடுவில் ஒரு முற்றம், ஒரு எலுமிச்சை மரம், ஒரு துணிக்கொடி. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் அந்த எலுமிச்சை மரத்தைத் தாண்டக் கிரிஸ்பினுக்கு அனுமதி இல்லை. அன்றைக்குப் பின்சந்து வழியாக நீல மின்னல் அளவு கொடுக்க வருவான்.

நீல மின்னலைத் தெரியாதவர் யார்? பதினோரு வருஷமாக நீல முகமூடியோடு மேடை ஏறுகிறவன். பிள்ளைகளின் புத்தகப் பையில் அவன் படம். லாரிகளின் முதுகில் அவன் படம். ஆனால் முகத்தைப் பார்த்தவர் இல்லை. தைக்கிறவளிடம் மட்டும் மறைக்க முடியாது. மூக்கின் உயரம், கன்னத்து எலும்பு, தாடையின் சரிவு எல்லாவற்றையும் விரலால் தொட்டுத்தான் அளந்தாக வேண்டும். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. அது அந்தத் தொழிலின் சத்தியம். பாவமன்னிப்புக் கேட்கிற பாதிரியார்கூட ஒரு நாள் வாய் தவறிவிடலாம். முகமூடி தைக்கிறவள் தவறக் கூடாது.

"எப்படி இருப்பான்?" என்று கேட்டான் கிரிஸ்பின், அன்று மத்தியானம், சூப்பைக் கிளறிக்கொண்டே.

"யாரு?"

"உன் மின்னல்."

"ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. மூக்குக்குக் கீழ வாய்."

"அழகா இருப்பானா?"

"சூப் ஆறுது கிழவா."

"ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லேன் தோமி."

"ஆமான்னா தூங்க மாட்டே. இல்லன்னா நம்ப மாட்டே. நான் எதுக்கு வாயை வீணாக்கணும்?"

"இருபது நிமிஷம்! கதவைச் சாத்திக்கிட்டு! அவன் மூஞ்சியைத் தடவிக்கிட்டு!"

"அளவு எடுக்கிறேன்."

"பதினோரு வருஷமா அதே மூஞ்சி. அது என்ன, வளருதா?"

"அடி வாங்குற மூஞ்சி. ஒரு மாசம் வீங்கும், ஒரு மாசம் வத்தும். ஏன், நீ மட்டும்? விடிஞ்சா பொழுது போனா ஊர் ஆம்பளைங்க கன்னத்தையெல்லாம் தடவிக்கிட்டு நிக்கிறே. நான் என்னிக்காவது பொறாமைப்பட்டேனா?"

கிரிஸ்பின் கரண்டியைக் கிண்ணத்துக்குள் போட்டான். சூப்பும் ஆறிவிட்டது.

அவனை வதைத்தது உண்மையில் அந்த விரல்கள். கல்யாணமான புதிதில் அவன் தூக்கம் வராமல் புரண்டால், தோமித்தீலா ஒரு விரலை அவன் புருவத்தின் மேல் மெதுவாக ஓட்டுவாள். வலமிருந்து இடம், இடமிருந்து வலம். எந்த வருஷம் அது நின்றது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. தெருவிளக்கு ஒன்று அணைந்துபோனதை நாலு நாள் கழித்துத்தான் கவனிக்கிறோம், அப்படி. இப்போது அந்த விரல்கள் இன்னொருவன் புருவத்தை மாதம் தவறாமல் தொடுகின்றன. அந்தப் புருவம் எப்படிப்பட்டது என்றாவது அவனுக்குத் தெரிய வேண்டாமா?

கடவுள் டிசம்பரில் கண் திறந்தார். நீல மின்னலும் கருந்தேள் என்கிற கறுப்பு முகமூடிக்காரனும் முகமூடிக்கு முகமூடி பந்தயம் வைத்து மோதுகிறார்கள் என்று சுவரெல்லாம் விளம்பரம். தோற்றவன் மேடையிலேயே முகமூடியைக் கழற்றித் தன் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. தனியாகக் காசு கட்டின வீட்டுத் தொலைக்காட்சியில் மட்டும் தெரியும். மல்யுத்தம் என்றாலே வயிறு எரிகிற கிரிஸ்பின்தான் அந்தத் தெருவில் முதல் ஆளாகக் காசு கட்டினான்.

"உன் மின்னல் தோத்துட்டா?" என்று ஆரம்பித்தான் மனைவியிடம்.

"தோத்தா மூஞ்சியைக் காட்டுவான். நீயும் பாத்துட்டு நிம்மதியா கண்ணை மூடு."

"தோத்தா நீ இனிமே ஆம்பளைங்க தலைக்கு அளவு எடுக்கக் கூடாது. கல்யாணப் பொண்ணுக்கு கவுன் தையி, பிள்ளைங்களுக்குச் சட்டை தையி. பந்தயம்."

தோமித்தீலா ஊசியை நிறுத்தினாள். "ஜெயிச்சா?"

"என்ன வேணும்னாலும் கேளு."

"மீசை."

கிரிஸ்பினின் கை தானாக மேலே போய் மீசையைப் பொத்தியது. கல்யாணத்துக்கு முன்பே வைத்த மீசை. இரண்டு முனையும் மெழுகு தடவி, கடிகார முள் மாதிரி பத்து மணி பத்து நிமிஷம் காட்டிக்கொண்டு நிற்கும். கடையின் பெயர்ப்பலகையில் அவன் பெயர் இல்லை, மீசைதான் வரைந்திருக்கும்.

"மீசை எதுக்கு?"

"முகமூடிக்கு எதிரா முடி. எந்த மேடையிலயும் அதானே வழக்கம்? பயமா இருந்தா விட்டுடு."

பயமா! கிரிஸ்பின் கையை நீட்டிச் சத்தியம் செய்தான்.

மூன்று நாள் வீரமாக நடமாடினான். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, ஒரு சந்தேகம் வந்தது. மின்னல் ஜெயித்துவிட்டால்? மீசையும் போகும், முகமும் தெரியாது. தோமித்தீலா குவாதலூப்பே அன்னையின் நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். கிரிஸ்பின் எலுமிச்சை மரத்தைத் தாண்டினான்.

தையலறையில் சுண்ணாம்பில் வார்த்த பொம்மைத் தலை ஒன்றின் மேல் புது முகமூடி மாட்டியிருந்தது. வான நீலம். கண்களைச் சுற்றி வெள்ளி மின்னல். ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசை மாதிரி. அவள் அவனுக்குக் கடைசியாகச் சட்டை தைத்தது எப்போது? அவன் அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். வாய்த்துளை வழியாக மீசையின் இரண்டு முனைகள் வெளியே எட்டிப் பார்த்தன. மின்னல் தெரியவில்லை. நீலச் சாக்குக்குள் அகப்பட்ட பூனை தெரிந்தது.

கழற்றினான். சட்டைப்பையிலிருந்து சவரக்கத்தியை எடுத்தான். பிடரியில் நாடா கோத்திருக்கிற இடத்தில், உள்பக்கத்துத் தையலை நூலுக்கு நூல் பாதி அறுத்தான். முப்பது வருஷம் பிடரி மயிர் மழித்த கை. பார்த்தால் தெரியாது. இழுத்தால் வந்துவிடும்.

மறுநாள் சனிக்கிழமை. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை என்று கணக்காக வருகிற, மரியாதைக்கு எல்லாரும் 'தோன்' போட்டுக் கூப்பிடுகிற அபுந்தியோ வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாவு மில்லில் மூட்டை தூக்குகிறவர். அகலமான ஆள், குரல் மட்டும் கோயிலில் பேசுகிற மாதிரி மெல்லியது. ஒன்பது வருஷமாகக் கிரிஸ்பினின் துக்கமெல்லாம் போய்ச் சேர்கிற இடம் அவருடைய காதுதான். வேறு யாரிடம் சொன்னாலும் தெரு சிரிக்கும். அபுந்தியோ சிரிக்க மாட்டார். முகத்தில் சூடான துண்டைப் போட்டால், அதற்கு அடியிலிருந்து "ம்" என்பார். அந்த "ம்" போதும்.

"எல்லாம் நாளையோட முடியுது தோன் அபுந்தியோ."

"ம்."

"அவன் மூஞ்சியை நாடே பாக்கப் போவுது. கோணல் மூஞ்சியாத்தான் இருக்கும். அழகா இருக்கிறவன் எதுக்கு மூடிக்கிட்டுத் திரியணும்?"

"சரிதான்."

"ஆனா என் பொண்டாட்டிக்கு அவன்னா உசுரு."

"அப்படிச் சொல்லாதீங்க மாஸ்டர். தோன்யா தோமி நல்லவங்க."

"நீங்க அவளைப் பாத்ததே இல்லையே!"

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றது துண்டு.

கிரிஸ்பின் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நேத்து ஒரு காரியம் பண்ணேன். தையலை அறுத்துட்டேன். பிடரியில. இப்படி வச்சு, இப்படி." எப்படி என்று காட்டுகிற உற்சாகத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாக ஓடி, அபுந்தியோவின் பிடரியில் முடி ஒரு படி மாதிரி வெட்டுப்பட்டுவிட்டது. கிரிஸ்பின் அதைச் சீப்பால் மூடினான்.

துண்டு மெதுவாக அவன் பக்கம் திரும்பியது. பிறகு, "கழண்டா யார் கையில கழண்டு வரும் மாஸ்டர்?"

"யார் கையில வந்தா என்ன? மூஞ்சி தெரியணும். அவ்வளவுதான்."

"ம்," என்றார் அபுந்தியோ.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே பக்கத்து வீட்டு எர்மீலா, சோள மடலில் சுற்றி அவித்த மாவுக் கொழுக்கட்டையான தமால் ஒரு பானையோடு வந்து தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள். தமால் விற்பது அவள் தொழில். நீல மின்னல் அவள் மதம். கழுத்தில் அன்னையின் படமும் மின்னலின் படமும் ஒரே சங்கிலியில் தொங்கின.

"தோன் கிரிஸ்பின் மல்யுத்தம் பாக்கிறாரே! போப்போ எரிமலை இன்னிக்கு வெடிக்கப் போவுதா?"

"மனுஷன் திருந்தக் கூடாதா?" என்றான் கிரிஸ்பின், மீசையை முறுக்கியபடி.

"அதை நல்லா தடவிக் கொடு," என்றாள் தோமித்தீலா. "போற உசுரு."

மூன்று சுற்று. இரண்டை வென்றவனுக்கு வெற்றி. முதல் சுற்றை மின்னல் எடுத்தான். எர்மீலா மண்டியிட்டு நன்றி சொன்னாள். இரண்டாவது சுற்றில் கருந்தேள் அவனைக் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிந்து, நாற்காலிகளுக்கு நடுவில் படுக்க வைத்தான். கிரிஸ்பின் எழுந்து நின்று கைதட்டினான். எர்மீலா அவனை முறைத்த முறைப்பில் தமால் பானை மறுபடி கொதித்திருக்கும்.

மூன்றாவது சுற்று விசித்திரமாக நடந்தது. எப்போதும் முன்னேறித் தாக்குகிற மின்னல் அன்றைக்குத் திரும்பத் திரும்ப முதுகைக் காட்டினான். குனிந்தான். பிடரியைக் கருந்தேளின் மூக்குக்கு நேரே நீட்டினான். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவன் தலையைச் சாய்த்துக் கொடுக்கிற மாதிரி.

"என்ன ஆச்சு இவனுக்கு?" என்று எர்மீலா அலறினாள். "திரும்புடா ராஜா!"

தோமித்தீலா தமாலின் சோள மடலை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கருந்தேள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிப் பிடித்தான். மின்னல் முன்னால் சரிந்தான். தேளின் விரல்கள் நாடாவில் சிக்கின. ஒரே இழுப்பு. நீல முகமூடி முழுசாக, வாழைப்பழத் தோல் மாதிரி, கருந்தேளின் கையில் உரிந்து வந்தது.

"வந்துடுச்சு!" என்று துள்ளினான் கிரிஸ்பின். "காட்டு! மூஞ்சியைக் காட்டு!"

மணி அடித்தது. நடுவர் ஓடி வந்தார். வந்தவர் கருந்தேளின் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினார். எதிராளியின் முகமூடியைக் கையால் பிடுங்கினால் அந்த நொடியே தோல்வி. ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்த நாளிலிருந்து கிரிஸ்பினுக்குத் தெரிந்த விதி. இத்தனை நாளும் பொறாமை அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

சரி, மீசை போகட்டும். முகம்? மின்னல் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குப்புற விழுந்து கிடந்தான். கேமரா நெருங்கி நெருங்கி வந்தது. ஒரு காதோரம்கூடத் தெரியவில்லை. திரை முழுக்கத் தெரிந்தது ஒரு பிடரி.

கிரிஸ்பின் பிடரியைப் பார்த்தான்.

மற்றவர்களுக்கு மனிதர்களை முகத்தால் தெரியும். முடி வெட்டுகிறவனுக்குப் பின்னாலிருந்துதான் தெரியும். அந்த இரட்டைச் சுழி அவனுக்குத் தெரிந்த சுழி. வலது காதுக்குப் பின்னால் இருந்த அவரை விதை அளவு மருவும் தெரிந்த மரு. எல்லாவற்றுக்கும் மேலாக, மயிர் முடிகிற இடத்தில், கோணலாக, புத்தம் புதிதாக, ஒரு படி.

"அது... அது... தோன் அ..."

தோமித்தீலா பிரித்து வைத்திருந்த தமாலை முழுசாக அவன் வாயில் வைத்து அடைத்தாள்.

"சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சு வரல எர்மீலா," என்றாள். "நீ பாரு."

திரையில் மின்னலுக்கு யாரோ துண்டு போர்த்தி அழைத்துப்போனார்கள். கருந்தேள் நடுமேடையில் நின்றான். தன் முகமூடியின் நாடாவைத் தானே அவிழ்த்தான். உள்ளேயிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். வழுக்கை. கண்ணைச் சுற்றி வெயில் படாத வெளுப்பு. வெளிச்சத்துக்குக் கண்ணைக் கொட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில், "என் பேர் அபெலார்தோ. ஊர் த்லாக்ஸ்காலா. மேடையேறி இருபத்திரண்டு வருஷமாச்சு," என்றார். இருபத்திரண்டு வருஷம் அவரை ஏசின கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எர்மீலாகூடத் தட்டினாள். தோமித்தீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கறுப்பு முகமூடியையும் தைத்தவள் அவள்தான். இனி அந்தத் தலைக்குத் தையல் இல்லை. வாயில் தமாலோடு கிரிஸ்பின் அந்த வெறும் முகத்தைப் பார்த்தான். இதைத்தானே இன்னொருவனுக்கு வேண்டிக்கொண்டோம் என்று நினைத்தான்.

திங்கட்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்னால் தோமித்தீலா அவனைப் பிடித்து அவனுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். நுரை தடவினாள். கத்தியைத் தீட்டினாள்.

"அவரை யார் என் கடைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"வாயை ஆட்டாத, உதடு போயிடும்." முதல் முனை விழுந்தது. "முடி வளர்ந்தா முகமூடி இறுகும் கிழவா. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வெட்டணும். ஊர்ல நல்லா வெட்டுறது யாருன்னு கேட்டான். என் புருஷனை விட்டு வேற யாரைச் சொல்வேன்?"

"ம்," என்றான் கிரிஸ்பின். வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அபுந்தியோவின் "ம்" எப்படிப் பிறக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"நீ என்னைப் பத்திப் புலம்புறதையெல்லாம் செவ்வாய்க்கிழமை வந்து என்கிட்ட ஒப்பிப்பான். சிரிக்காம என்ன பண்ணுவேன்? சனிக்கிழமை சாயங்காலம் முகமூடி வாங்க வந்தான். தையல் அறுந்திருக்குன்னான். உக்காரு, தச்சுத் தரேன்னேன். வேண்டாம் தோன்யா, அப்படியே இருக்கட்டும், மாஸ்டர் கைப்பட செஞ்சது உதவும்னு வாங்கிட்டுப் போனான்."

இரண்டாவது முனையும் விழுந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். மேலுதட்டில் முப்பது வருஷத்துக்குப் பிறகு காற்று பட்டது. பிறகு, தொழில் பழக்கமோ என்னவோ, அவள் விரல் அவன் மூக்கிலிருந்து கன்னத்து எலும்புக்குப் போனது. அங்கிருந்து தாடைக்கு. அப்புறம் புருவத்துக்கு ஏறி, ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஓடியது.

"முகம் இளைச்சிருக்கு," என்றாள். வேறு குரலில் சொன்னாள்.

கிரிஸ்பின் கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் நாலு மீசை இருந்தாலும் கொடுத்திருப்பான்.

பதினைந்து நாள் கழித்து வந்த சனிக்கிழமை, மணி அடித்தாற்போல தோன் அபுந்தியோ வந்து உட்கார்ந்தார். நெற்றியில் புதுசாக ஒரு தையல். மூட்டை விழுந்ததாகச் சொன்னார்.

"மீசை எங்கே மாஸ்டர்?"

"ஒரு மாறுதலுக்கு."

"நல்லாருக்கு. பத்து வயசு குறைஞ்சிருக்கு. வீட்ல என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

கிரிஸ்பின் துணியைப் போர்த்தினான். ஒன்பது வருஷமாக மழித்த முகத்தை முதல் தடவையாக உற்றுப் பார்த்தான். உருளைக்கிழங்கு மூக்கு. சின்னக் கண். அழகா, இல்லையா? அவனால் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் யாரிடம் சொல்வது? தைக்கிறவளின் சத்தியம் இப்போது வெட்டுகிறவனுக்கும் வந்துவிட்டது. மனதில் இருப்பதைக் கொட்டவும் இனி அந்தக் காது இல்லை. சூடான துண்டை எடுத்து அந்த முகத்தின் மேல் போட்டான், கொஞ்சம் அதிகச் சூடாகவே. கத்தரியை எடுத்தான்.

துண்டுக்கு அடியிலிருந்து கோயிலில் பேசுகிற அந்த மெல்லிய குரல் வந்தது.

"பிடரியைக் கொஞ்சம் பாத்து வெட்டுங்க மாஸ்டர். போன தடவை ஒரு படி விழுந்துடுச்சு. நாடே பாத்துச்சு."